பிரவுசரில் ஒட்டிக் கொள்ளும் எக்ஸ்டென்ஷன்கள்: கண்டுபிடிப்பதும் நீக்குவதும்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உறவினர்கள் முதல் மாதத்தில் என்னிடம் கேட்பது பிரிண்டர் இணைப்பது பற்றியோ தமிழில் டைப் செய்வது பற்றியோ இருக்கும். இரண்டாவது மாதத்தில் வரும் கேள்வி வேறு. "கூகுள்ல தேடுனா வேற ஏதோ பக்கத்துக்குப் போகுது, என்னன்னு பாரேன்" என்பார்கள்.

விருதுநகரில் இருக்கும் என் சித்தப்பா இதைக் கேட்கவே இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, நானாகத்தான் அவர் லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். பிரவுசரைத் திறந்ததும் கூகுள் வரவில்லை. பெயர் தெரியாத ஒரு தேடுபொறி வந்தது. எதைத் தேடினாலும் முதல் ஐந்து முடிவுகள் விளம்பரம். வலது கீழ் மூலையில் "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் உள்ளது" என்று நிமிடத்துக்கு ஒரு அறிவிப்பு. "எத்தனை நாளா இப்படி இருக்கு சித்தப்பா?" என்று கேட்டேன். "அது கெடக்குப்பா, பழகிப் போச்சு" என்றார். சித்திதான் அடுக்களையில் இருந்து குரல் கொடுத்தார். "ரெண்டாயிரத்து முன்னூத்து அறுபது ரூபா கட்டுனதச் சொல்லுங்க அவன்கிட்ட."

நடந்தது இதுதான். மகளின் உதவித்தொகை விண்ணப்பத்துக்குச் சான்றிதழ்களை ஒரே பி.டி.எப். பைலாக இணைக்க வேண்டியிருந்தது. "பி.டி.எப். கன்வர்ட்டர் ப்ரீ" என்று தேடி, முதலில் வந்த பச்சை நிற டவுன்லோட் பட்டனை அழுத்தி, வந்த செட்அப் பைலில் நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று போயிருக்கிறார். பைல் இணைந்தது. கூடவே ஒரு எக்ஸ்டென்ஷனும் வந்து உட்கார்ந்தது. சில நாட்களில் லேப்டாப் மெதுவாக ஓடவே, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடினார். தேடியது மாறிப் போன தேடுபொறியில். முதலில் வந்த எண் கம்பெனியின் எண் அல்ல. பேசிய ஆசாமி ஒரு ரிமோட் சாப்ட்வேரைப் போடச் சொல்லி, அரை மணி நேரம் கர்சரை அங்கும் இங்கும் நகர்த்தி, "17 வைரஸ் எடுத்தாச்சு சார்" என்று சொல்லி 2,000 ரூபாயும் அதற்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி.யும் வாங்கிக் கொண்டார். சித்தப்பா டெபிட் கார்டு எண்ணையும் ஓ.டி.பி.யையும் அந்த லேப்டாப்பிலேயே டைப் செய்திருக்கிறார். இவ்வளவும் நடந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஏன் சொல்லவில்லை என்றால், "நீ வேலையா இருப்ப, உன்னை எதுக்குத் தொந்தரவு பண்ணனும்னு" என்றார். உண்மையான காரணம் வெட்கம் என்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் தப்பு செய்து விட்டோம் என்றால் பெரியவர்கள் சொல்ல மாட்டார்கள்.

அன்று மாலை முழுவதும் அந்த லேப்டாப்பில்தான் கழிந்தது. அதில் செய்ததை உங்களுக்கும் பயன்படும் வகையில் இங்கே தருகிறேன்.

எக்ஸ்டென்ஷன் என்ன செய்யும்?

எக்ஸ்டென்ஷன் என்பது பிரவுசருக்குள் ஓடும் குட்டி புரோகிராம். விளம்பரங்களைத் தடுப்பது, பாஸ்வேர்ட்களை நினைவில் வைப்பது, பக்கத்தை மொழிபெயர்ப்பது எனப் பல நல்ல வேலைகளைச் செய்யும். நானே தினமும் மூன்றைப் பயன்படுத்துகிறேன். எனவே எக்ஸ்டென்ஷன் என்றாலே ஆபத்து என்று எண்ண வேண்டாம்.

ஆனால் ஒரு எக்ஸ்டென்ஷனை நிறுவும்போது சிறிய கட்டம் ஒன்று வரும். அதில் "எல்லா இணையதளங்களிலும் உள்ள உங்கள் தகவல்களைப் படிக்கவும் மாற்றவும்" என்ற பொருளில் ஓர் ஆங்கில வாசகம் இருக்கும். நாம் படிக்காமல் "ஆட் எக்ஸ்டென்ஷன்" என்பதை அழுத்தி விடுவோம். அந்த வாசகத்தை அப்படியே, எழுத்துக்கு எழுத்து நம்ப வேண்டும். நீங்கள் திறக்கும் பக்கத்தில் இருப்பதை அது படிக்கலாம், நீங்கள் டைப் செய்வதைப் பார்க்கலாம், பக்கத்தில் இல்லாத விளம்பரத்தைச் சேர்க்கலாம்.

பேங்க் தளத்தின் முகவரி ஹெச்.டி.டி.பி.எஸ். என்று தொடங்கினால் பாதுகாப்பு என்று படித்திருப்பீர்கள். அது உண்மை. ஆனால் அந்தப் பாதுகாப்பு, பேங்கின் சர்வருக்கும் உங்கள் பிரவுசருக்கும் இடையே உள்ள வழிக்குத்தான். தகவல் பிரவுசருக்குள் வந்து விரிந்த பிறகுதான் எக்ஸ்டென்ஷன் அதைப் பார்க்கிறது. தபால் உறையை எவ்வளவு நன்றாக ஒட்டி அனுப்பினாலும், வீட்டில் பிரித்துப் படிக்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியும் அல்லவா? அது போல.

தவறான எக்ஸ்டென்ஷன்களைப் பாதுகாப்பு நிறுவனங்கள் வைரஸ் என்று சொல்வதில்லை. "பொட்டன்ஷியலி அன்வான்டட்", அதாவது வேண்டாததாக இருக்கக் கூடியது என்று மெதுவாகச் சொல்கின்றன. காரணம், இவை பூட்டை உடைத்து வருவதில்லை. நீங்கள் ஓகே சொல்லித்தான் வருகின்றன. அந்த ஓகே நிறுவும் கட்டத்தில் நாலாவது வரியில், ஏற்கனவே டிக் செய்யப்பட்டு இருந்தது என்பது வேறு விஷயம்.

இது புதிய தந்திரமும் அல்ல. நான் பள்ளியில் படித்தபோது பிரவுசிங் சென்டர்களில் இன்டர்நெட் எக்ஸ்புளோரரைத் திறந்தால் பாதித் திரை டூல்பார்களாகவே இருக்கும். ஜாவா சாப்ட்வேரைப் போட்டால் ஆஸ்க் டூல்பாரும் சேர்ந்து வரும். டிக்கை எடுக்க மறந்தவர்கள் அதை நீக்கப் பாடுபட்டார்கள். இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2022 ஜூனில் விண்டோஸ் 10-ல் நிறுத்தி விட்டது. டூல்பார்களும் போய் விட்டன. டிக் செய்த கட்டம் மட்டும் போகவில்லை.

நல்லதும் கை மாறும்

"நான் கண்ட இடத்தில் எதையும் டவுன்லோட் செய்வதில்லை, குரோம் வெப் ஸ்டோரில் இருந்து மட்டுமே எடுப்பேன்" என்பவர்களும் இதைப் படிக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன்கள் உங்களைக் கேட்காமல் தாமாகவே அப்டேட் ஆகும். புதிய பதிப்பு கூடுதல் அனுமதி கேட்டால் மட்டுமே குரோம் அதை நிறுத்தி வைத்து உங்களிடம் கேட்கும். எல்லா தளங்களையும் படிக்கும் அனுமதியை முதல் நாளே கொடுத்து விட்டீர்கள் என்றால், அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது? உள்ளே இருக்கும் புரோகிராம் மாறினாலும் உங்களுக்குத் தெரியாது.

நம் நாட்டைச் சேர்ந்த அமித் அகர்வால், கம்ப்யூட்டர் பற்றி எழுதும் பலருக்கும் தெரிந்தவர். அவர் எழுதிய "ஆட் டு பீட்லி" என்ற எக்ஸ்டென்ஷனை 30,000-க்கும் மேற்பட்டவர்கள் பயன்படுத்தினார்கள். அதை ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கவே விற்று விட்டார். வாங்கியவர்கள் சில வாரங்களில் ஓர் அப்டேட் வெளியிட்டார்கள். அதன் பின் பயன்படுத்தியவர்கள் திறந்த பக்கங்களில் எல்லாம் விளம்பரம் நுழைந்தது. விற்றது தவறு என்று 2014 ஜனவரியில் அவரே வெளிப்படையாக எழுதினார். கூகுள் அந்த எக்ஸ்டென்ஷனை நீக்கியது.

"தி கிரேட் சஸ்பெண்டர்" கதையும் இதே வகைதான். பயன்படுத்தாத டேப்களைத் தூங்க வைத்து மெமரியை மிச்சப்படுத்தும் அருமையான எக்ஸ்டென்ஷன் அது. ஏறத்தாழ 20 லட்சம் பேர் வைத்திருந்தார்கள். 2020-ல் உரிமையாளர் அதை விற்றார். 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தீங்கான புரோகிராம் என்று அறிவித்து எல்லோருடைய பிரவுசரிலும் நிறுத்தியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் நடந்தது இன்னும் மோசம். சைபர்ஹேவன் என்ற நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனை யாரும் விற்கவில்லை. அதன் ஊழியர் ஒருவரைப் பொய் மெயிலில் ஏமாற்றி, ஸ்டோர் கணக்கில் நுழைந்து, திருட்டுப் பதிப்பை அப்டேட்டாக அனுப்பி விட்டார்கள். ஏறத்தாழ 4 லட்சம் பேர் பயன்படுத்திய எக்ஸ்டென்ஷன் அது. தகவல்களைப் பாதுகாப்பதே அந்த நிறுவனத்தின் தொழில்!

இந்த இடத்தில் சொந்தக் கதை ஒன்று. இன்ஜினீயரிங் முடித்த புதிதில் நானும் ஓர் எக்ஸ்டென்ஷன் எழுதி ஸ்டோரில் போட்டேன். பக்கங்களில் உள்ள தமிழ் எழுத்துகளைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். 400 பேர் போலப் பயன்படுத்தினார்கள். ஒரு நாள் யாரோ ஒருவர் மெயில் அனுப்பி, "உங்கள் எக்ஸ்டென்ஷனை வாங்கிக் கொள்கிறோம், ஒரு பயனாளருக்கு இவ்வளவு" என்று கேட்டார். எழுத்து எப்படித் தெரிகிறது, புரோகிராம் எப்படி இருக்கிறது என்று ஒரு கேள்வி இல்லை. எத்தனை பேர் என்பது மட்டும்தான் அவருக்கு வேண்டியிருந்தது. நான் பதில் போடவில்லை. ஆனால் அப்போது என் சம்பளம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தாலோ, பயனாளர்கள் 40,000 பேராக இருந்திருந்தாலோ என்ன செய்திருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் பிரவுசரில் இருக்கிறதா?

முகவரிக் கட்டத்தில் தேடினால் வேறு தேடுபொறி வருவது, ஹோம் பேஜ் மாறி இருப்பது, அரசு இணையதளங்களில்கூட விளம்பரம் தெரிவது, ஓர் இடத்தில் கிளிக் செய்தால் வேறு டேப் திறப்பது, இவை எல்லாம் அடையாளங்கள்.

விளம்பரத் தொல்லைக்கு ஓர் எளிய சோதனை உண்டு. கண்ட்ரோல், ஷிப்ட், என் ஆகிய மூன்று கீகளையும் சேர்த்து அழுத்துங்கள். குரோமில் "இன்காக்னிட்டோ" என்ற கறுப்பு விண்டோ திறக்கும். எக்ஸ்டென்ஷன்கள் இதில் இயங்காது (நீங்களே தனியாக அனுமதித்திருந்தால் தவிர). அதே தளத்தை இங்கே திறந்து பாருங்கள். விளம்பரம் இல்லை என்றால் குற்றவாளி ஓர் எக்ஸ்டென்ஷன்தான்.

இன்னொன்று, திரையின் வலது கீழ் மூலையில் வந்து பயமுறுத்தும் அறிவிப்புகள். இவை பெரும்பாலும் எக்ஸ்டென்ஷனே அல்ல. ஏதோ ஒரு தளம் "அறிவிப்பு அனுப்பலாமா?" என்று கேட்டபோது "அலவ்" அழுத்தியதன் பலன். இதை வைரஸ் என்று நினைத்துப் பணம் கட்டுபவர்கள் ஏராளம். குரோமில் செட்டிங்ஸ் சென்று, "பிரைவசி அண்ட் செக்யூரிட்டி", அதில் "சைட் செட்டிங்ஸ்", அதில் "நோட்டிபிகேஷன்ஸ்" எனச் செல்லுங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் கிடைக்கும். தெரியாத பெயர் ஒவ்வொன்றின் எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து "பிளாக்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். சித்தப்பாவின் பட்டியலில் 11 தளங்கள் இருந்தன. அதை முடித்த உடனேயே வீடு அமைதியானது போல் இருந்தது.

நீக்கும் முறை

பலரும் எக்ஸ்டென்ஷனை மட்டும் நீக்குகிறார்கள். மறு நாள் அது திரும்ப வந்து நிற்கும். ஏனெனில் அதைக் கொண்டு வந்த புரோகிராம் விண்டோஸில் அப்படியே இருக்கிறது. எனவே முதலில் அங்கே செல்லுங்கள். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், "ஆப்ஸ்", "இன்ஸ்டால்டு ஆப்ஸ்" எனத் திறந்து, நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றைப் பாருங்கள். சித்தப்பாவின் லேப்டாப்பில் பி.டி.எப். கன்வர்ட்டரும், அவர் அறியாத "சர்ச்" என்று முடியும் ஒன்றும், அந்த ஆசாமி போட வைத்த ரிமோட் சாப்ட்வேரும் இருந்தன. மூன்றையும் அன்இன்ஸ்டால் செய்தேன். பெயர் புரியவில்லை என்பதற்காக எதையும் நீக்கி விடாதீர்கள். கம்ப்யூட்டர் தயாரித்த கம்பெனியின் டிரைவர்களும் இதே பட்டியலில்தான் இருக்கும்.

அடுத்து குரோமில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, "எக்ஸ்டென்ஷன்ஸ்", "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்" எனச் செல்லுங்கள். எட்ஜ் பிரவுசரிலும் இதே போலத்தான். பயர்பாக்ஸில் மூன்று கோடுகளில் கிளிக் செய்து "எக்ஸ்டென்ஷன்ஸ்" என்பதைத் திறக்க வேண்டும். எந்தப் பிரவுசரைப் பயன்படுத்தினாலும், கம்ப்யூட்டரில் உள்ள எல்லாப் பிரவுசரிலும் பாருங்கள். எது என்று தெரியாவிட்டால் எல்லாவற்றையும் ஆப் செய்து, ஒவ்வொன்றாக ஆன் செய்து வந்தால் எதில் தொல்லை தொடங்குகிறது என்று தெரிந்து விடும். அதைக் கண்டதும் "ரிமூவ்" கொடுத்து நீக்குங்கள். ஆப் செய்து மட்டும் விட்டு விடாதீர்கள்.

சித்தப்பாவின் குரோமில் "ரிமூவ்" பட்டனே இல்லை. "இன்ஸ்டால்டு பை யுவர் அட்மினிஸ்ட்ரேட்டர்" என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. சித்தப்பா எட்டிப் பார்த்தார்.

"அட்மினிஸ்ட்ரேட்டர்னா யாருப்பா? நான் காசு குடுத்து வாங்குன கம்ப்யூட்டருக்கு எனக்கு மேல ஒருத்தனா?"

நல்ல கேள்வி. பெரிய அலுவலகங்களில் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களில் ஒரே எக்ஸ்டென்ஷனை ஊழியர் நீக்க முடியாதபடி போடுவதற்காக, "பாலிசி" என்ற வசதியை குரோம் தருகிறது. அந்தக் கட்டளை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதப்படும. நாம் நெக்ஸ்ட் அழுத்தியபோது "இந்தப் புரோகிராம் மாற்றங்கள் செய்யலாமா?" என்று விண்டோஸ் கேட்டிருக்கும், "யெஸ்" என்றிருப்போம். அந்த அனுமதியில் செட்அப் புரோகிராம் தன்னையே நிர்வாகியாக எழுதிக் கொள்கிறது. குரோமின் மூன்று புள்ளி மெனுவின் அடியில் "மேனேஜ்டு பை யுவர் ஆர்கனைசேஷன்" என்று வீட்டுக் கம்ப்யூட்டரில் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். சில ஆன்ட்டி வைரஸ் சாப்ட்வேர்களும் இந்த வசதியைப் பயன்படுத்துவது உண்டு என்பதால், அதைப் பார்த்த உடனே பதற வேண்டியதில்லை.

இதை நீக்க ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டும். அலுவலகம் கொடுத்த லேப்டாப்பில் இதைச் செய்யவே கூடாது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றாலும், பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஸ்டார்ட் மெனுவில் "ரெஜிஸ்ட்ரி எடிட்டர்" எனத் தேடித் திறந்து, இடது பக்கம் "ஹெச்கீ லோக்கல் மெஷின்", "சாப்ட்வேர்", "பாலிசீஸ்", "கூகுள்", "குரோம்" என ஒவ்வொன்றாக விரித்துச் செல்லுங்கள். "குரோம்" மீது மவுஸின் வலது பட்டனை அழுத்தி "எக்ஸ்போர்ட்" கொடுத்து ஒரு நகல் எடுத்து வைத்து விட்டு, அதற்குள் இருக்கும் "எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் போர்ஸ்லிஸ்ட்" என்ற போல்டரை மட்டும் டெலீட் செய்யுங்கள். "ஹெச்கீ கரன்ட் யூசர்" என்பதன் கீழும் இதே இடத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தேன். அந்த எக்ஸ்டென்ஷன் பட்டியலில் இருந்தே போயிருந்தது.

பிறகு குரோம் செட்டிங்ஸில் "ரீசெட் செட்டிங்ஸ்" கொடுங்கள். தேடுபொறி, ஹோம் பேஜ் எல்லாம் பழைய நிலைக்கு வரும். புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் போகாது. குரோமுக்குள்ளேயே முன்பு இருந்த "கிளீன்அப்" வசதியைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், 2023-ல் கூகுள் அதை எடுத்து விட்டது. கடைசியாக ஒரு முறை சுத்தம் பார்க்க, மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அந்த நிறுவனத்தின் தளத்தில் இருந்து மட்டும், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து பென் டிரைவில் கொண்டு வாருங்கள். கெட்டுப் போன தேடுபொறியில் மருந்து தேடினால் அது என்ன காட்டும் என்று உங்களுக்கே தெரியும்.

டெஸ்க்டாப்பில் உள்ள குரோம் ஐகானையும் பாருங்கள். அதில் வலது கிளிக் செய்து "பிராபர்ட்டீஸ்" சென்றால் "டார்கெட்" என்ற கட்டம் இருக்கும். அதன் கடைசியில் ஏதாவது இணையதள முகவரி ஒட்டிக் கொண்டிருந்தால் அந்த ஐகானை நீக்கி விட்டுப் புதிதாக வைத்துக் கொள்ளுங்கள்.

நீக்கிய பிறகு

பாஸ்வேர்ட்களை எல்லாம் சுத்தம் செய்த பின்பே மாற்ற வேண்டும். பயத்தில் பலர் முதலில் மாற்றி விட்டுப் பிறகு சுத்தம் செய்கிறார்கள். புதிய பாஸ்வேர்டையும் அதே எக்ஸ்டென்ஷன் பார்த்துக் கொண்டிருக்கும். மெயில் கணக்கை முதலில் மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குக்கும் "பாஸ்வேர்ட் மறந்து விட்டது" மெயில் அங்கேதான் வரும். அப்படியே "எல்லாக் கருவிகளில் இருந்தும் வெளியேறு" என்ற வசதியையும் பயன்படுத்துங்கள். சைபர்ஹேவன் விவகாரத்தில் குறி வைத்தது பாஸ்வேர்டை அல்ல, ஏற்கனவே லாக்இன் ஆகியிருந்ததன் அடையாளமான குக்கீகளை.

விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல்", அதில் "ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்ஷன்" என்ற இடத்தில், வேண்டாத புரோகிராம்களைத் தடுக்கும் வசதி இருக்கிறது. அதில் இரண்டு கட்டங்களிலும் டிக் இருக்கிறதா என்று பாருங்கள். சித்தப்பாவின் லேப்டாப்பில் அது ஆப் செய்யப்பட்டிருந்தது. தானாக நடந்திருக்காது, அந்த அரை மணி நேரத்தில் நடந்திருக்க வேண்டும்.

வைத்துக் கொள்ளும் எக்ஸ்டென்ஷன்களுக்கும் கடிவாளம் போடலாம். "மேனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ்" பக்கத்தில் "டீட்டெயில்ஸ்" என்பதில் கிளிக் செய்தால், "சைட் ஆக்சஸ்" என்று ஓர் இடம் வரும். அதில் "ஆன் கிளிக்" என்று அமைத்து விட்டால், நீங்கள் அதன் ஐகானை அழுத்தும்போது மட்டுமே அந்தப் பக்கத்தைப் பார்க்கும். மொழிபெயர்ப்பு, திரையைப் படம் பிடிப்பது போன்றவற்றுக்கு இது போதும். விளம்பரத் தடுப்பானுக்குப் பொருந்தாது. அது எல்லாப் பக்கத்தையும் பார்த்தால்தான் வேலை செய்யும். எனவே அந்த ஒன்றை மட்டும் நன்கு விசாரித்துத் தேர்ந்தெடுங்கள். பெரிய பெயர் என்பதும் உத்தரவாதம் அல்ல. தங்கள் ஆன்ட்டி வைரஸ் மற்றும் எக்ஸ்டென்ஷன் மூலம் சேகரித்த தகவல்களை விற்றதாக, 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் அவாஸ்ட் நிறுவனத்துக்கு 1.65 கோடி டாலர் விதித்தது.

பி.டி.எப். பைல்களை இணைக்க சித்தப்பாவுக்கு லிப்ரே ஆபீஸ் டிராவைப் போட்டுக் கொடுத்தேன். முதல் முறை திணறினார், இப்போது செய்து விடுகிறார்.

பணத்துக்கு, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அன்று இரவே போன் செய்தோம். ஏமாந்த உடனே சொன்னால் பணம் கை மாறுவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம். நாங்கள் சொன்னது மூன்று வாரம் கழித்து. பேங்கில் பழைய கார்டை முடக்கிப் புதியது வாங்கியாகி விட்டது. புகார் எண்ணை சித்தப்பா ஒரு தாளில் எழுதி லேப்டாப் மூடியின் உள்ளே ஒட்டி வைத்திருக்கிறார். பணம் இன்னும் வரவில்லை.